நீறு பூத்த தேக்கு

நாற்பது வருடம் வெயிலிலும் உப்புக்காற்றிலும் நின்ற பாய்மரப் படகு அது. 1970களில் வார்த்தது, உடல் முழுக்க ஃபைபர்கிளாஸ். ஆனால் கேபின் மேலுள்ள கைப்பிடிக் கம்பு, ஓரச் சட்டங்கள், உள்ளே இறங்கும் படிகள், மேல்தளப் பலகைகள் எல்லாம் தேக்கு. அத்தனையும் காய்ந்த எலும்பு மாதிரி வெளுத்துக் கிடந்தன. கூட வந்த நண்பர் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "கட்டை செத்துப்போச்சு, எல்லாத்தையும் மாத்திட வேண்டியதுதான்" என்றார். நான் பேனாக்கத்தியின் முதுகால் கைப்பிடியில் ஒரு நகம் அளவு இடத்தை மெல்லச் சுரண்டினேன். பஞ்சு போல ஒரு சாம்பல் தூள் உதிர்ந்தது. அதற்குக் கீழே தேன் நிறம். குனிந்து முகர்ந்தால், பழைய தோல்பையை நினைவூட்டும் தேக்கு வாசனை.

நீறு பூத்த நெருப்பு என்று சொல்வோமே, அதுதான். மேலே சாம்பல், உள்ளே எல்லாம் உயிரோடு. அந்தச் சாம்பல் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரியாமல் உப்புத்தாளைக் கையில் எடுப்பவர்கள்தான், நாற்பது வருட வெயில் செய்யாத சேதத்தை ஒரே வாரத்தில் செய்து முடிக்கிறார்கள்.

மரம் ஏன் நரைக்கிறது? மரத்தைக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்ட தூணாக நினைத்துக்கொள்ளுங்கள். செல்லுலோஸ் நார்கள்தான் கம்பி. அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் காரை, லிக்னின் என்ற பொருள். வெயிலில் வரும் புற ஊதாக் கதிர்களை செல்லுலோஸ் பெரிதாகச் சட்டை செய்வதில்லை. லிக்னின் அப்படியல்ல, கதிரை உறிஞ்சிக்கொண்டு துண்டு துண்டாக உடைகிறது. உடைந்த துண்டுகள் நீரில் கரையும். அடுத்த மழையில், அடுத்த அலைத் தெறிப்பில் கழுவிக்கொண்டு போய்விடும். காரை போன பின் மிஞ்சுவது வெறும் வெள்ளை நார். அந்த ஈர நாரில் கரும்பூஞ்சை வித்துகள் வந்து உட்காரும்போது வெள்ளை சாம்பலாகிறது.

இதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய எண் ஒன்று உண்டு. புற ஊதாக் கதிர் மரத்துக்குள் ஊடுருவும் ஆழம் சுமார் 0.075 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். கண்ணுக்குத் தெரியும் ஒளி இன்னும் கொஞ்சம் உள்ளே போகும், அதுவும் 0.2 மில்லிமீட்டர் வரைதான். அதற்குக் கீழே இருக்கும் மரத்துக்கு வெயில் அடித்ததே தெரியாது. நரைத்த மேல்தோல் உதிராமல் இருக்கும்வரை அடியில் உள்ளதற்கு அதுவே குடை.

மற்ற மரங்களாக இருந்தால் இதற்குள் நீர் உள்ளே இறங்கி அழுகல் பிடித்திருக்கும். தேக்கு தாங்குவதற்குக் காரணம் அதன் வைரம். வைரம் பாய்ந்த கட்டை என்று ஆச்சாரிமார் சொல்வது வெறும் உறுதியை மட்டுமல்ல. மரம் வயதாகும்போது நடுப்பகுதியில் உயிரணுக்கள் சாகின்றன. சாகுமுன் அங்கே எண்ணெய்ப் பிசுக்கும், ரப்பர் போன்ற ஒரு பொருளும், டெக்டோகுவினோன், லபச்சோல் முதலிய வேதிப்பொருட்களும் நிரப்பப்படுகின்றன. கரையானுக்கும் பூஞ்சைக்கும் இவை ஆகாது. எண்ணெய்ப் பிசுக்கு நீரையும் எளிதில் உள்ளே விடாது. அப்புறம், ஈரம் ஏறி இறங்கும்போது தேக்கு மிகக் குறைவாகவே உப்பிச் சுருங்கும். பச்சை மரத்தை முழுக்கக் காயவைத்தால் ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவது ஐந்தாறு சதவீதம், வளையங்களுக்குக் குறுக்கே இரண்டரை. வெள்ளை ஓக் மரம் இதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும்.

பிரிட்டிஷ் கடற்படை இதைக் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டது. நெப்போலியன் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் ஓக் தட்டுப்பாடு. அதனால் பம்பாயில் வாடியா குடும்பத்தாரிடம் போர்க்கப்பல் கட்டக் கொடுத்தார்கள். மலபார் தேக்கால் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா கட்டி 1817இல் கடலில் இறக்கிய கப்பலுக்கு வைத்த பெயர் டிரிங்கோமலி, அதாவது நம் திருகோணமலை. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் 1990இல் தொடங்கிய பழுதுபார்ப்பு 2001இல் முடிந்தது. இன்றைக்கும் அந்தக் கப்பல் அங்கே நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. ஓக்கில் உள்ள துவர்ப்பும் அமிலமும் இரும்பு ஆணியை அரிக்கும், தேக்கு அதைப் பெரிதும் விட்டுவைக்கும் என்பதும் அந்தக் காலத்துக் கப்பல் கட்டுவோருக்கு நன்றாகத் தெரியும். 'டீக்' என்ற ஆங்கிலச் சொல்லே மலையாளக் கரையின் தேக்கைப் போர்ச்சுகீசியர் 'டேக்கா' என்று எடுத்துக்கொண்டு போனதில் பிறந்தது.

சரி, படகுக்கு வருவோம். இந்தக் காலப் படகுகளில் மேல்தளத் தேக்கு என்பது ஃபைபர்கிளாஸ் மேல் ஒட்டிய மெல்லிய பலகை. புதிதில் 10 முதல் 12 மில்லிமீட்டர் தடிமன். பலகைகளுக்கு இடையே நீர் புகாமல் அடைக்கும் கறுப்பு ரப்பர் போன்ற கலப்பற்று. பழைய தளத்தில் கையை வைத்துப் பாருங்கள், அந்த ரப்பர் வரிகள் பலகையைவிட மேலே துருத்திக்கொண்டு நிற்கும். ரப்பர் உப்பிவிட்டது என்று பலரும் அதை வெட்டிச் சமன்படுத்தப் போவார்கள். ரப்பர் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. மரம்தான் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது.

அந்த மரம் எங்கே போனது? வெயில் தின்றது கொஞ்சம். மிச்சத்தைத் தின்றது பிரஷ். தேக்குப் பலகையை உற்றுப் பார்த்தால் ஒரு வரி மென்மை, ஒரு வரி கெட்டி என்று மாறி மாறி ஓடும். பருவத் தொடக்கத்தில் வளர்ந்த பகுதியில் பெரிய பெரிய துளைகள், அதனால் மென்மை. பின்னால் வளர்ந்தது நெருக்கம். விறைப்பான பிரஷால் ரேகையின் போக்கிலேயே தேய்த்தால் மென்மையான வரி உழுதது போல் பெயர்ந்து வந்துவிடும், கெட்டி வரி வரப்பு மாதிரி நிற்கும். அந்தப் பள்ளங்களில் அழுக்கு தங்கும், பூஞ்சை பிடிக்கும், மறுபடி பிரஷ். உயர் அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம் இதே வேலையைப் பத்து நிமிடத்தில் செய்துவிடும். தேக்குத் தளத்தின் பக்கம் அதைக் கொண்டுவரவே கூடாது.

ரேகைக்குக் குறுக்கே, மென்மையான பஞ்சாலோ நைலான் தேய்ப்பானாலோ தேய்ப்பதுதான் சரி. குறுக்கே போகும்போது தேய்ப்பான் கெட்டி வரிகளின் முதுகில் ஏறி ஏறிப் போகும், பள்ளத்துக்குள் இறங்காது.

கடைகளில் 'இரண்டு பாட்டில்' தேக்கு சுத்திகரிப்பான் என்று கிடைக்கிறது. முதல் பாட்டிலில் கடுமையான காரம். ஊற்றியதும் மரம் காப்பிக் கஷாயம் போலக் கறுத்துவிடும், பார்க்கவே பயமாக இருக்கும். இரண்டாவது பாட்டிலில் அமிலம். அது பட்டதும் கறுப்பு கலைந்து பொன்னிறம் எழும்பும். கண்கட்டு வித்தை மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் காரம் நரைத்த தோலோடு நிற்காமல் நல்ல மரத்தின் லிக்னினையும் கரைக்கிறது, முக்கியமாக மென்மையான வரிகளில். வருடத்துக்கு ஒருமுறை இந்த வித்தையைச் செய்துகொண்டிருந்தால் 12 மில்லிமீட்டர் பலகை எத்தனை வருடம் தாங்கும்?

நான் முதலில் எடுப்பது ஆக்ஸாலிக் அமிலம். மொசைக் தரைக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் கடைசியில் தூவித் தேய்ப்பார்களே, அந்த வெள்ளைத் தூள்தான். வெதுவெதுப்பான நீரில் கரைத்துப் பூசிக் கால் மணி நேரம் விட்டு, குறுக்கே லேசாகத் தேய்த்து, நிறைய நீர்விட்டு அலசினால் பெரும்பாலான கறைகள் போய்விடும். இரும்பு ஆணியைச் சுற்றி வரும் நீலக்கறுப்புக் கறைக்கு இதுதான் நேரடி மருந்து. அந்தக் கறை ஒருவகையில் மைதான். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சுவார்கள் இல்லையா, துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும் அதே வினை மரத்துக்குள் நடந்திருக்கிறது. ஆக்ஸாலிக் அமிலம் இரும்பைத் தன் பக்கம் இழுத்துக் கரைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். இது நஞ்சு. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், காய்ந்த தூளை மூச்சில் இழுக்கக் கூடாது.

இதற்குப் பிறகும் வரப்புகள் உறுத்தினால்தான் உப்புத்தாள். அதற்குமுன் பலகையைத் தளத்தோடு பிடித்திருக்கும் திருகாணிகளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு திருகாணியின் தலையையும் பலகைக்குள் புதைத்து, மேலே வட்டமான தேக்குத் தக்கை அடித்திருப்பார்கள். பலகை தேயத் தேயத் தக்கை காசு போல மெலிந்து ஒருநாள் கழன்று போகும். அந்த ஓட்டை வழியே நீர் இறங்கினால் மேல்தளத்தின் உள்ளடுக்கு ஊறிவிடும். அங்கே பால்சா என்ற மென்மையான மரமோ பிளைவுட்டோ இருந்தால் அழுகல்தான், அதன் செலவு தேக்குச் செலவைப்போலப் பல மடங்கு.

தக்கை மாற்றுவது பொறுமையான வேலை, எனக்கு மிகப் பிடித்ததும்கூட. திருகாணியை எடுத்து ஓட்டையை எபாக்ஸிப் பசையால் அடைத்து, கொஞ்சம் ஆழமாகக் குடைந்து, மறுபடி முடுக்கி, புதுத் தக்கையைப் பசையில் தோய்த்து வைக்க வேண்டும். தக்கையின் ரேகை பலகையின் ரேகையோடு ஒரே திசையில் இருக்க வேண்டும். இது அழகுக்காக மட்டுமல்ல. மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட உப்புவதே இல்லை, குறுக்கேதான் உப்பும். திசை மாறி உட்கார்ந்த தக்கை ஒரு பக்கம் இழுக்க, பலகை வேறு பக்கம் இழுக்க, ஒட்டு விட்டுவிடும். பசை காய்ந்ததும் துருத்தும் பகுதியை உளியால் சீவுவோம். ஒரே வெட்டாக அடியோடு வெட்டினால் ரேகை கீழ்நோக்கி ஓடி, தக்கை பலகை மட்டத்துக்கும் கீழே பிய்ந்து போகலாம். அதனால் முதல் வெட்டைப் பாதி உயரத்தில் போட்டு, பிளவு மேலே ஏறுகிறதா கீழே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் எதிர்ப்பக்கமாக வந்து வெட்ட வேண்டும். உளியை அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும், தேக்குக்குள் மணலின் பொருளான சிலிக்கா உண்டு.

இவ்வளவு மெனக்கெட்டுப் பழைய கட்டையைக் காப்பாற்றுவானேன் என்று கேட்கலாம். தாய்லாந்து 1989இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை நிறுத்தியது. மியான்மர் 2014இல் தேக்குத் தடிகளை அப்படியே ஏற்றுமதி செய்வதற்குத் தடை போட்டது. இன்று சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி தோட்டத்தில் வளர்ந்து இளவயதில் வெட்டிய தேக்கு. வைரம் குறைவு, அந்த எண்ணெயும் வேதிப்பொருட்களும் குறைவு. படகில் நரைத்துக் கிடக்கும் அந்தக் கட்டைக்கு ஈடாக ஒன்றை வாங்குவது பணம் இருந்தாலும் சிரமம்.

அடுத்தது வார்னிஷ். கைப்பிடிக்கும் ஓரச் சட்டத்துக்கும் மட்டும்தான் இந்தப் பேச்சு. தளத்துக்கு வார்னிஷ் அடித்தால் ஈரத்தில் கால் வழுக்கும்.

வார்னிஷ் உரிவதைப் பார்த்தவர்கள் அதன் தரத்தைத்தான் குறை சொல்வார்கள். உரிந்த ஏட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அது நன்றாகவே இருக்கும். அதன் அடிப்பக்கத்தில் மெல்லிய சாம்பல் நார் ஒட்டியிருக்கும். நடந்தது இதுதான்: வார்னிஷ் கண்ணாடி போன்றது, புற ஊதாக் கதிர் அதைக் கடந்து மரத்தைத் தொட்டது, மேல்தோலில் இருந்த லிக்னின் உடைந்தது. வார்னிஷ் பிடித்திருந்த சுவரே காரை உதிர்ந்து போனது. படகு வார்னிஷில் கதிரைத் தடுக்கும் பொருள் கலந்திருந்தாலும் ஓரிரு பூச்சு போதாததற்குக் காரணம் இதுவே. ஆறேழு பூச்சு சேர்ந்தால்தான் கதிர் கீழே இறங்காத அளவுக்குத் தடிமன் வரும். அந்தத் தடுப்புப் பொருளும் வருடத்துக்கு வருடம் தீர்ந்துகொண்டே வரும். மினுமினுப்பு மங்கத் தொடங்கியதும், உரியும்வரை காத்திருக்காமல், லேசாகத் தேய்த்து ஒன்றிரண்டு பூச்சு போட்டுவிட வேண்டும்.

எண்ணெய் வார்னிஷ் காய்வது ஈரத்துணி காய்வது போன்றதல்ல. ஆளிவிதை எண்ணெயோ, டங் என்ற மரத்தின் கொட்டை எண்ணெயோ காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகிறது. தேக்கின் காவல் வேதிப்பொருட்கள் இந்தப் பின்னலுக்கு முட்டுக்கட்டை போடும். அதனால்தான் பூசுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் மேல் எண்ணெயைத் துடைக்கிறோம். முதல் பூச்சைப் பாதிக்குப் பாதி தின்னர் கலந்து நீர்க்கப் பூசினால் துளைகளில் ஊறிப் பிடிக்கும். கூரான விளிம்புகளைப் பென்சில் பருமனுக்கு உருட்டிவிடுங்கள், கூர்முனையில் வார்னிஷ் நிற்காமல் விலகி மெலியும், உரிதல் அங்கிருந்துதான் தொடங்கும். கட்டையின் வெட்டுமுனைகளுக்கு இரண்டு பூச்சு கூடுதலாகப் போட வேண்டும், உறிஞ்சுகுழல் கட்டு மாதிரி அங்கே துளைகள் திறந்திருக்கும். எண்ணெய் தோய்ந்த துணிகளைக் கசக்கி மூலையில் போடக் கூடாது. அந்த ஆக்சிஜன் வினையில் வெப்பம் பிறக்கிறது, சுருண்ட துணியில் அது வெளியேற வழியில்லாமல் தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போடுங்கள்.

'டீக் ஆயில்' என்று விற்பது தேக்கிலிருந்து எடுத்ததல்ல. பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயும் தின்னரும்தான். சில வாரம் பொலிவாக இருக்கும், பிறகு அந்த எண்ணெயே பூஞ்சைக்குத் தீனியாகி மரம் கறுக்கும். மறுபடி சுரண்டல், மறுபடி தேய்மானம்.

அந்தப் படகின் கைப்பிடிக்கு எட்டுப் பூச்சு வார்னிஷ் ஏறியது, வெயிலுக்கு ஒரு துணி உறையும் தைத்தோம். தளத்தைச் சுத்தம் செய்து, தக்கைகளை மாற்றி, அப்படியே நரைக்க விட்டுவிட்டோம். இப்போது அதற்கு நடப்பது ஒரே உபசாரம்தான். சாயங்காலம் ஒரு வாளி கடல்நீரை ஊற்றி, மென்மையான பஞ்சால் குறுக்கே ஒரு துடைப்பு. காய்ந்தபின் தங்கும் உப்பு காற்றிலிருந்து ஈரம் இழுத்துப் பலகைகள் இடைவெளி விடாமல் பார்த்துக்கொள்கிறது, பூஞ்சையும் அந்த உப்பில் அண்டுவதில்லை.