எந்த ரெக்கார்டர் எங்கே உடைகிறது?

உரத்த கச்சேரி ஒன்றின் பதிவைக் கணினியில் திறந்து, டிரம் அடி விழும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பதிவு கெட்டிருந்தால் அலை வளைந்து ஏறி இறங்காது. உச்சி மொட்டையாக நிற்கும். கேட்டால் கரகரவென்று இருக்கும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். லெவலை அதிகம் வைத்துவிட்டார்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் பல பதிவுகளில் அந்த மொட்டை உச்சி, மீட்டரின் மேல் எல்லையான 0 டெசிபலில் இருப்பதில்லை. மைனஸ் 9-லோ மைனஸ் 12-லோ இருக்கிறது. சிவப்பு விளக்கு ஒருமுறைகூட எரிந்திருக்காது. மீட்டரில் இடம் மிச்சமிருக்கும்போதே ஒலி எங்கோ உடைந்துவிட்டது.

அந்த 'எங்கோ' எது என்று கேட்பதுதான் ரெக்கார்டர்களை ஒப்பிடச் சரியான வழி. அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 96 கிலோஹெர்ட்ஸ் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது), 24 பிட் (ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கிறது) எல்லாம் அப்புறம்தான்.

கையடக்க ரெக்கார்டருக்குள் ஒலி வரிசையாகச் சில படிகளைக் கடக்கிறது. மைக் காற்றின் அழுத்தத்தை மின்னழுத்தமாக்குகிறது. முன்பெருக்கி அதைப் பெரிதாக்குகிறது. கன்வர்ட்டர் அதை எண்களாக்கிக் கார்டுக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு கீழ் எல்லை, ஒரு மேல் எல்லை உண்டு. கீழே போனால் இரைச்சலில் மூழ்கும். மேலே போனால் கிளிப் ஆகும். இதில் எது முதலில் தோற்கிறதோ, அதுதான் மொத்தக் கருவியின் தரம்.

மைக்கிலிருந்தே தொடங்கலாம். இங்கே வரும் டெசிபல் காற்றில் உள்ள ஒலியின் அளவு; 0-இல் முடியும் மீட்டர் கணக்கு வேறு. பெரிய ஒலிபெருக்கிகள் வைத்த கச்சேரியில் மேடைக்கு அருகே ஒலி அழுத்தம் சாதாரணமாக 100 டெசிபலைத் தாண்டும்; டிரம் அடிகளின் உச்சம் அதற்கும் 10, 15 டெசிபல் மேலே போகும். ரெக்கார்டரோடு வரும் மைக் எவ்வளவு தாங்கும் என்பது மாடலுக்கு மாடல் வேறு. ஸூம் நிறுவனத்தின் சிறிய எச்1என் 120 டெசிபல் வரை; அதே நிறுவனத்தின் எச்5-இல் உள்ள மைக் 140 வரை. இடைவெளி 20 டெசிபல்தானே என்று தோன்றும். டெசிபல் கணக்கில் 20 என்றால் அழுத்தத்தில் 10 மடங்கு. மெல்லிய வயலின் தனிக்கச்சேரிக்கு இரண்டும் போதும். ஒலிபெருக்கிக்கு நேரே நிற்கப் போகிறவருக்கு இந்த ஒரு எண்தான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

அடுத்த படியில்தான் அந்த மைனஸ் 9 மர்மம் பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது. பல சிறிய கருவிகளில் லெவல் பொத்தான் முதல் பெருக்கிக்குப் பின்னால் வேலை செய்கிறது. பெருக்கி ஏற்கெனவே உடைத்து அனுப்பிய அலையை அந்தப் பொத்தான் சிறியதாக்கும், அவ்வளவுதான். உடைந்தது உடைந்தபடியே சின்னதாகப் பதிவாகும். நல்ல கருவிகளில் மைக் சென்ஸிட்டிவிட்டி என்று 'ஹை', 'லோ' சுவிட்ச் ஒன்று தனியாக இருக்கும். அது பெருக்கியின் வேலையையே மாற்றும். உரத்த கச்சேரிக்கு முதலில் தொட வேண்டியது அதைத்தான். சுவிட்சை 'ஹை'யில் விட்டுவிட்டு லெவலை 10-இல் 2-க்கு இறக்கி வைப்பவர்களின் பதிவுகள்தான் பெரும்பாலும் அந்த மொட்டை உச்சிகளோடு வருகின்றன.

தனியாக வாங்கிய சிறிய மைக்கை 3.5 மில்லிமீட்டர் துளையில் செருகுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். அந்த மைக்குக்குள் இருக்கும் சின்ன டிரான்சிஸ்டருக்கு ரெக்கார்டரே இரண்டு மூன்று வோல்ட் மின்சாரம் தருகிறது. அவ்வளவு குறைந்த மின்னழுத்தத்தில் பெரிய அலை ஆடவே இடமில்லை. பேஸ் கிட்டார் முழங்கினால் டிரான்சிஸ்டரே கிளிப் ஆகிவிடும். அதனால்தான் ரசிகர் கூட்டத்திலிருந்து பதிவு செய்து பழகியவர்கள் 9 வோல்ட் பேட்டரி வைத்த ஒரு சின்னப் பெட்டியை இடையில் மாட்டி, மைக் துளையை விட்டுவிட்டு, ஏற்கெனவே பெரிதான ஒலிக்கான லைன் துளையில் செருகுகிறார்கள். முன்பெருக்கியையும் அப்படியே தாண்டிவிடலாம்.

சரி, பிட் கணக்குக்கு வருவோம். ஒரு பிட் ஏறக்குறைய 6 டெசிபல். 16 பிட் என்றால் 96 டெசிபல் வீச்சு, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி. 24 பிட் என்றால் காகிதத்தில் 144. நடைமுறையில் எந்தக் கன்வர்ட்டரும் 144-ஐ எட்டுவதில்லை, நல்லவையே 110, 120 அளவில் நின்றுவிடும். ரசிகர்கள் இருமி, நெளிந்து, குசுகுசுத்துக்கொண்டிருக்கும் அரங்கின் அமைதியே 40 டெசிபலுக்குக் குறையாது. உச்சம் 115 என்று வைத்தால் கச்சேரியின் மொத்த வீச்சு 75 டெசிபல்தான். 16 பிட்டுக்குள் தாராளமாக அடங்கும். அப்புறம் 24 பிட் எதற்கு? பயமில்லாமல் லெவலைக் குறைத்து வைக்க. 1987-இல் வந்த டேட் எனும் டிஜிட்டல் கேசட் 16 பிட். அதில் பதிந்தவர்கள் வீச்சை வீணாக்கக் கூடாது என்று லெவலை மேல் எல்லைக்குப் பக்கத்திலேயே வைக்கப் பாடுபட்டார்கள். 24 பிட்டில் உச்சம் மைனஸ் 12-இல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் பாட்டைக் கேட்கலாம்.

இப்போது எல்லோரும் பேசுவது 32 பிட் ஃப்ளோட், அதாவது மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் எழுத இடம் தரும் கோப்பு வடிவம். 2019-இல் ஸூம் எஃப்6 இதைக் கையடக்கக் கருவிக்குக் கொண்டுவந்தது. இதன் ரகசியம் கோப்பின் வடிவத்தில் பாதி, உள்ளே இருக்கும் இரண்டு கன்வர்ட்டர்களில் பாதி. தங்கம் நிறுக்கும் தராசும் மூட்டை நிறுக்கும் தராசும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், எந்தப் பொருள் வந்தாலும் ஏற்றதில் வைத்து நிறுத்துவிடலாம் இல்லையா? அப்படித்தான் ஒரு கன்வர்ட்டர் மெல்லிய ஒலிக்கும் இன்னொன்று உரத்த ஒலிக்கும் வைக்கப்பட்டு, இரண்டின் விடைகளும் தையல் தெரியாமல் இணைக்கப்படுகின்றன. ஃப்ளோட் கோப்பின் வீச்சு 1,500 டெசிபலுக்கும் மேல். லெவல் பொத்தானே தேவையில்லை. கூடக் குறைய இருந்தால் வீட்டில் சரிசெய்துகொள்ளலாம்.

ஆனால் விளம்பரம் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. 120 டெசிபலில் மைக் உடைந்தால் 1,500 டெசிபல் கோப்பு அந்த உடைந்த அலையை மிகத் துல்லியமாகப் பதிந்து கொடுக்கும்.

ஒரே ஒலியை இரண்டு அளவில் பிடிக்கும் இந்த யோசனை திடீரென்று முளைத்ததும் அல்ல. 2007-இல் வந்த சோனி பிசிஎம்-டி50, அதே ஒலியை 20 டெசிபல் குறைவாக உள்ளுக்குள் இன்னொரு முறை வைத்துக்கொண்டு, கிளிப் ஆன துண்டுக்குப் பதிலாக அதை ஒட்டியது. டாஸ்கேம் டிஆர்-40 குறைந்த லெவலில் இரண்டாவது கோப்பையே எழுதித் தந்தது. பழைய கருவி மலிவாகக் கிடைத்தால் இந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். கச்சேரிக்கு அதுவே போதும். தானியங்கி லெவலை மட்டும் எந்தக் கருவியிலும் அணைத்துவிடுங்கள். பாடகர் குரலைத் தாழ்த்தும்போது அது ரசிகர்களின் இருமலைத் தூக்கிக் கொடுக்கும்.

மெல்லிய இசைக்குக் கணக்கு தலைகீழ். அங்கே முன்பெருக்கியின் இரைச்சல்தான் எதிரி. 150 ஓம் மின்தடை ஒன்று வெறுமனே இருந்தாலே, அறை வெப்பத்தால் சுமார் மைனஸ் 131 டிபியு (மின்னழுத்தத்தை டெசிபலில் சொல்லும் அளவு) இரைச்சல் எழும். இயற்பியல் போட்ட இந்த எல்லைக்கு எவ்வளவு அருகே வருகிறது என்பதை வைத்து முன்பெருக்கிகளை ஒப்பிடலாம். உரத்த கச்சேரிக்குப் போகிறவர் இந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

சாம்ப்ளிங் வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காது கேட்கும் 20 கிலோஹெர்ட்ஸைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல் இருந்தால் போதும், அதாவது 44.1 அல்லது 48. 96 வைத்தால் கோப்பு இரண்டு மடங்காகும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி. கோப்பு 4 ஜிபியைத் தொட்டால் ரெக்கார்டர் அடுத்த கோப்புக்குத் தாவும்; அந்தத் தாவலில் ஒலி அறுபடாமல் இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதித்துவிட வேண்டும். பேட்டரி விஷயத்திலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. வேவ் கோப்பின் தலைப்பகுதியில் மொத்த நீளம் எழுதப்பட வேண்டும். சில கருவிகள் அதை 'ஸ்டாப்' அழுத்தியபின்தான் எழுதும். நடுவில் பேட்டரி செத்தால், இரண்டு மணி நேர ஒலி கார்டில் இருந்தும் கோப்பு பூஜ்யம் நொடி என்று காட்டும். மீட்டெடுக்கும் மென்பொருள்கள் உண்டு என்றாலும், இடையிடையே தலைப்பகுதியைப் புதுப்பிக்கும் கருவியே மேல்.

மிக்சரிலிருந்து நேராக ஒலி தருகிறோம் என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படும் முன் துளையைப் பாருங்கள். தொழில்முறை மிக்சரின் வழக்கமான அளவு 1.23 வோல்ட், உச்சம் அதைப் போலப் பல மடங்கு. மில்லிவோல்ட்டுகளுக்காகச் செய்த மைக் துளை அதைத் தாங்காது. லைன் துளை வேண்டும், சின்ன ரெக்கார்டராக இருந்தால் நடுவில் ஒலியைக் குறைக்கும் பேடும் வேண்டும்.

மிக்சர் ஒலியை ஒரு கருவியிலும் அரங்கின் ஒலியை இன்னொன்றிலும் பதிந்து பிறகு சேர்ப்பவர்கள் கடிகாரத்தையும் ஒப்பிட வேண்டியிருக்கும். இரண்டு ரெக்கார்டர்களின் கடிகாரத்தை ஓட்டும் படிகங்கள் பத்து லட்சத்துக்கு 20 பங்கு வேறுபட்டால், ஒரு மணி நேரத்தில் 72 மில்லிநொடி விலகும். இரண்டு மணி நேரத்தில் 144. முதல் பாட்டில் ஒட்டி வைத்த இரண்டு பதிவுகளும் கடைசிப் பாட்டில் எதிரொலிபோல் கேட்கும். இதில் குழப்பம் வேறு: மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி வைத்த மைக்குக்கு ஒலி வந்துசேரவே 87 மில்லிநொடி ஆகும். அந்தத் தாமதம் முதலிலிருந்து கடைசிவரை மாறாது, கடிகார விலகல் வளர்ந்துகொண்டே போகும். அதனால் கச்சேரியின் தொடக்கத்தில் ஒரு டிரம் அடியையும் முடிவில் ஒன்றையும் எடுத்து இரண்டு இடைவெளிகளையும் அளந்துகொண்டு, ஒரு கோப்பை மட்டும் அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப இழுத்தால் போதும். இந்த எடுத்துக்காட்டில் அந்த இழுப்பு 0.002 சதவீதம், சுருதியில் அது காதுக்கே தெரியாது.