பாதுகாப்பான் யாரைப் பாதுகாப்பான்?

நேரடி நெல் விதைப்பு பற்றித் தமிழில் வரும் துண்டறிக்கைகளிலும் காணொளிகளிலும் களைக்கொல்லிப் பகுதி வந்ததும் ஒரு வரி எதிர்ப்படும்: "விதைத்த 3, 4 நாளில் பாதுகாப்பான் கலந்த பிரிட்டிலாக்குளோர் இட வேண்டும்." கேட்டுக் கேட்டு அலுத்துப்போன நேரத்தில், அண்மையில் கைக்கு வந்த ஒரு தாளில் 'ன்' மேலிருந்த புள்ளியும் காணாமல் போயிருந்தது. மெய்ப்புப் பார்த்தவர் மீதியையும் தன் அறிவுக்கு எட்டியபடி சீர்செய்து "பாதுகாப்பான பிரிட்டிலாக்குளோர்" என்று அச்சேற்றிவிட்டார். களைக்கொல்லியிலிருந்து பயிரைக் காக்கச் சேர்க்கும் ஒரு ரசாயனப் பொருளின் பெயர் நற்சான்றிதழாகிவிட்டது. படிக்கிற விவசாயி என்ன நினைப்பார்? இது ஆளுக்கு ஒன்றும் செய்யாது, கையுறை வேண்டாம், வெறுங்கையால் மணலில் பிசைந்து வீசலாம் என்றுதானே?

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் இதற்கு 'சேஃப்னர்' என்று பெயர். கேடில்லாதது, முழுதாக இருப்பது என்ற பொருள்கொண்ட லத்தீன் 'சால்வஸ்', பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'சேஃப்' ஆனது. அதை வினையாக்கி, அப்புறம் செய்வதைக் குறிக்கும் விகுதியை ஒட்டியிருக்கிறார்கள். ஆங்கிலத்திலும் இது ஒன்றும் சிறந்த சொல் இல்லை. யாருக்குப் பாதுகாப்பு என்று அதுவும் சொல்வதில்லை. துறைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சொல், அவர்களுக்குப் புரிந்தால் போதும். நமக்கு அந்தச் சலுகை கிடையாது. நம் தாளைப் படிப்பவர் வயலில் நிற்பவர்.

பொருள் இதுதான்: களைக்கொல்லியோடு சேர்த்தோ, அதற்கு முன்பே விதையில் தடவியோ கொடுக்கப்படும் வேறொரு வேதிப்பொருள். அது தானாக எந்தக் களையையும் கொல்வதற்காக வைத்ததல்ல. களைக்கொல்லி விழும்போது பயிரை மட்டும் தப்பவைக்கும், களை மாட்டிக்கொள்ளும்.

நெல்லையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டிலாக்குளோர், முளைவிடும் செடியில் மிக நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலங்கள் உருவாவதைத் தடுக்கிறது. குருத்து விரிய வழியில்லாமல் சுருண்டு, முறுக்கிக்கொண்டு, கரும்பச்சையாகக் குட்டையாக நின்றுவிடும். நாற்று நடவில் இது பெரிய சிக்கல் இல்லை. நடும்போதே நாற்று வளர்ந்திருக்கும். தொளியில், அதாவது சேறாக்கிய வயலில், முளைகட்டிய விதையைத் தூவினாலோ, வரிசையாக விதை போடும் டிரம் சீடரை இழுத்தாலோ நிலைமை வேறு. நெல்லும் குதிரைவாலிப் புல்லும் கிட்டத்தட்ட ஒரே வயது, இரண்டும் புல் குடும்பம். இது நெல், அது களை என்று பிரித்துப் பார்க்க மருந்துக்குத் தெரியாது. அந்த இடத்தில்தான் ஃபென்குளோரிம் என்ற பாதுகாப்பான் வருகிறது. சீபா-கெய்கி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த இந்தப் பொருள், குளூட்டாதையோன் எஸ்-டிரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதியை நெல் கூடுதலாக உண்டாக்கும்படி செய்கிறது. அந்த நொதி, களைக்கொல்லி மூலக்கூறில் இருக்கும் குளோரினைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் குளூட்டாதையோனைக் கொண்டுபோய் ஒட்டும். ஒட்டியதோடு நஞ்சின் வேலை முடிந்தது. செல் அதைத் தனக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற பைக்குள் தள்ளி அடைத்துவிடும். இந்த வித்தை நெல்லுக்கு முன்பே ஓரளவு தெரியும். ஃபென்குளோரிம் அதை முடுக்கிவிடுகிறது. குதிரைவாலிப் புல்லில் அந்த அளவுக்கு முடுக்கம் நடப்பதில்லை.

மக்காச்சோளம், சோளம், கோதுமை என்று புல் குடும்பப் பயிர்களில்தான் இந்த உத்தி நன்றாகப் பலித்திருக்கிறது. பஞ்சாப் கோதுமை வயலில் 'குல்லி தண்டா' என்று திட்டு வாங்கும் ஃபலாரிஸ் புல்லுக்கு அடிக்கும் குளோடினாஃபாப்போடு குளோக்விண்டோசெட் சேர்ந்து வருவதும் இதே கணக்குதான். அகன்ற இலைப் பயிர்களில் இது அவ்வளவாக எடுபடவில்லை.

சரி, 'பாதுகாப்பான்' என்பதற்கு வருவோம். இலக்கணப்படி இதில் தப்பு சொல்ல முடியாது. அடாவடியாக ஆக்கிய சொல் அல்ல. ஆனால் தமிழ்க் காதில் 'பாதுகாப்பான்' என்றதும் முதலில் விழுவது எதிர்கால வினைமுற்று. முருகன் பாதுகாப்பான். ஐயனார் பாதுகாப்பான். பெயர்ச்சொல் என்று புரிய அரை நொடி தடுமாற வேண்டியிருக்கிறது. அதைக்கூடப் பொறுக்கலாம். ஒரு புள்ளி விழுந்தால் முழு நேர்மாறான அறிவுரை ஆகிவிடும் சொல்லை நஞ்சுப் புட்டியின் பக்கத்தில் வைக்கலாமா? மட்டமான அச்சிலும், எழுத்துரு மாற்றத்திலும், விரலால் தட்டி அனுப்பும் செய்தியிலும் முதலில் உதிர்வது புள்ளிதான்.

அடுத்தவர்கள் 'மாற்று மருந்து' கட்சி. கொஞ்சம் படித்தவர்கள் 'நச்சுமுறி' என்பார்கள். இவர்களுக்கு ஒரு வரலாற்றுச் சாக்கு உண்டு, மறுக்கவில்லை. அமெரிக்காவில் ஓட்டோ ஹாஃப்மன் என்ற ஆய்வாளர் 1947 வாக்கில் கண்ணாடிக் கூடத்தில் தக்காளிச் செடிகளை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். காற்றோட்டம் கெட்டு 2,4-டி என்ற களைக்கொல்லியின் ஆவி உள்ளே பரவியபோது, ஏற்கெனவே 2,4,6-டி (ஆங்கிலத்தில் T) என்ற நெருங்கிய உறவுக்காரப் பொருள் கொடுத்திருந்த செடிகள் மட்டும் பாதிப்பில்லாமல் நின்றன. தக்காளியில் தொடங்கிய கதை புல் பயிர்களில் போய்ப் பலித்தது ஒரு வேடிக்கை. 1962இல் அவர் தன் ஆய்வை எழுதியபோது பயன்படுத்திய சொல் 'ஆன்டிடோட்'. 1970களின் தொடக்கத்தில் மக்காச்சோள விதையில் பூச நாஃப்தாலிக் அன்ஹைட்ரைடு வந்தது. அதை அடுத்து இபிடிசி களைக்கொல்லியோடு கலந்த டைக்குளார்மிட் வந்தது. அப்போதும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஆங்கிலக்காரர்களே அதை ஓரங்கட்டிவிட்டார்கள். முறிமருந்து என்றால் விஷம் ஏறிய பிறகு கொடுப்பது. இதுவோ முன்னதாகவோ கூடவோ கொடுத்தால்தான் வேலை செய்யும். குருத்து முறுக்கிக்கொண்ட பிறகு எத்தனை புட்டி ஊற்றினாலும் திரும்பாது. அவர்கள் கழித்துக் கட்டிய பெயரை நாம் இன்னும் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம்.

'மாற்று மருந்து' இன்னொரு விதத்திலும் கெடுதல். நம் ஊரில் பூச்சிக்கொல்லி, பூசணக்கொல்லி, களைக்கொல்லி எல்லாமே மருந்துதான். "மருந்து அடிச்சாச்சா?" என்றுதான் கேட்போம். நஞ்சுக்கு மருந்து என்று யார் முதலில் பெயர் வைத்தார்களோ, இனி அதைப் பிடுங்க முடியாது. அந்த உலகத்தில் 'மாற்று மருந்து' என்றால் உரக்கடைக்காரர் புரிந்துகொள்வது, கேட்டது இல்லாதபோது எடுத்துக் கொடுக்கும் வேறு கம்பெனிச் சரக்கு. இதைவிட மோசம், புட்டியோடு வரும் தாள். பூச்சிக்கொல்லி விதிகள், 1971இன்படி அந்தத் தாளில் மனிதருக்கு நஞ்சேறினால் கொடுக்க வேண்டிய முறிமருந்து பற்றிய குறிப்பு இருக்க வேண்டும். பல களைக்கொல்லிகளுக்கு அங்கே "தனிப்பட்ட மாற்று மருந்து இல்லை, அறிகுறிக்கேற்ப சிகிச்சை" என்றுதான் இருக்கும். ஒரே தாளின் மேல்பக்கத்தில் 'மாற்று மருந்து கலந்தது', கீழே 'மாற்று மருந்து இல்லை'. மயங்கி விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடும் மகன் எதைப் படிப்பான்?

'பயிர்க்கவசம்' என்பாரும் உண்டு. கவசம் வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. தலைக்கவசமும் முகக்கவசமும் தமிழாகிவிட்டன. கவசம் வெளியே நின்று தடுப்பது, இது உள்ளே போய் வேலை செய்வது, அதுதான் சிக்கல். விதை வரிசையின் மேல் கிளர்வூட்டிய கரியைப் பட்டையாக இட்டு, களைக்கொல்லியை அந்தக் கரியே உறிஞ்சிக்கொள்ளச் செய்யும் முறை ஒன்று இருக்கிறது. கவசம் என்ற பெயரை அதற்கு வைத்துக்கொள்வோம்.

இடிதாங்கி, சுமைதாங்கி வரிசையில் 'கொல்லிதாங்கி' என்று ஒரு யோசனை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் களைக்கொல்லியைத் தாங்கும் ரகங்கள் தனியாக இருக்கின்றன. 2021இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட பூசா பாஸ்மதி 1979, 1985 இரண்டும் இமாஸித்தாபிர் தெளித்தாலும் நிற்பவை. அங்கே தாங்கும் குணம் விதையிலேயே இருக்கிறது, எந்தப் பொருளும் சேர்க்க வேண்டியதில்லை. 'தாங்கி' அந்த ரகத்துக்குத்தான் பொருந்தும்.

தனித்தமிழ் அன்பர்கள் 'ஏமம்' என்ற பழஞ்சொல்லைத் தூசுதட்டி 'ஏமி' என்கிறார்கள். குறளில் 'ஏமப்புணை' வருகிறது, அழகான சொல், ஒப்புக்கொள்கிறேன். உரக்கடையில் போய் "ஏமி இருக்கா?" என்று கேட்டால் கடைக்காரர் தெலுங்கில் பதில் சொல்வார். 'கொல்லி'க்கு இணையாகக் 'காப்பி' என்று வைத்தால் டம்ளர் வந்துவிடும். 'பயிர்க்காப்பான்' பரவாயில்லை என்றாலும், பயிர்ப் பாதுகாப்பு என்ற பெயரில் ஏற்கெனவே எல்லாப் பூச்சி மருந்தும் விற்கிறது. பயிர்க் காப்பீடு வேறு இருக்கிறது.

பெயர் இரண்டு செய்தியைச் சொல்லியாக வேண்டும்: காப்பது பயிரை; சேர்த்துக் கொடுத்தால்தான் காக்கும். 'பயிர்க்காப்புச் சேர்மானம்' என்று வைத்தால் இரண்டும் வந்துவிடுகின்றன. ஒரு தாளில் முதல் முறை முழுதாக எழுதிவிட்டு, பிறகு 'காப்புச் சேர்மானம்' என்று சுருக்கலாம். 'சேர்மானம்' கொச்சை என்று மூக்கைச் சுளிப்பவர்களுக்காக நான் 'சேர்பொருள்' என்று மாற்றப் போவதில்லை. வைத்தியரிடமும் சமையல்கட்டிலும் வழங்கும் சொல் அது. கூடச் சேர்வது, தனியே கொடுப்பதல்ல என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. வயலிலும் இந்தக் கருத்து புதிதல்ல. பூசண நோய்க்குப் போர்டோ கலவை போடுகிறவரைக் கேளுங்கள். மயில்துத்தத்தைத் தனியே கரைத்து அடித்தால் இலை கருகும், சுண்ணாம்பு சேர்த்தால் கருகாது. கலந்தபின் பளபளப்பான இரும்புக் கத்தியை முக்கிப் பார்ப்பார். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். அங்கே வேலை வாளியிலேயே முடிகிறது, இங்கே செல்லுக்குள் நடக்கிறது. ஆனாலும் மருந்து பயிரைச் சுடாமலிருக்க ஒரு சேர்மானம் வேண்டும் என்பதை அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பெயர் தெளிவாக இல்லாததால் வரும் நட்டம் கடையில்தான் தெரியும். நடவு வயலுக்கான பிரிட்டிலாக்குளோர் 50 இ.சி.யில் (நூற்றுக்கு 50 பங்கு செயல்படு பொருள் கொண்ட, நீரில் கலக்கும் திரவம்) காப்புச் சேர்மானம் கிடையாது. நேரடி விதைப்புக்கு என்று வரும் 30.7 இ.சி.யில் அது உண்டு. வாங்குகிறவர் 50 பெரிய எண், வீரியம் அதிகம் என்று அதையே எடுத்துக்கொண்டு போவார். அதுவும் 'பாதுகாப்பான' என்று தாளில் படித்துவிட்டு, எல்லா பிரிட்டிலாக்குளோரும் பாதுகாப்பானதுதானே என்று நினைத்தால் அவர்மேல் என்ன குற்றம்? தொளியில் விதைத்த நெல்லில் அதைப் போட்டால் குருத்து முறுக்கும், முளைத்ததும் பாழாகும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "தொளியில் முளைகட்டி விதைத்த நெல்லுக்கு, விதைத்த 3 அல்லது 4ஆம் நாள், பயிர்க்காப்புச் சேர்மானம் உள்ள பிரிட்டிலாக்குளோரை எக்டேருக்கு 0.45 கிலோ செயல்படு பொருள் என்ற அளவில், காய்ந்த மணலில் கலந்து சீராக வீசவும். சேர்மானம் பயிருக்கு மட்டுமே, உங்களுக்கு அல்ல. கையுறை அணியவும்." நீளம்தான். நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு நீளம் பிடிக்காது. ஆங்கிலத்தில் ஒரு சொல் என்றால் தமிழிலும் ஒரு சொல்லில் அடக்கிவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. 'முன்முளைப்புக் களைக்கொல்லி' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள் பாருங்கள். எது முளைக்கும் முன்? களை. அதைச் சொல்லாமல் விட்டால், முளைகட்டிய விதையைக் கையில் வைத்திருப்பவர், நெல்தான் ஏற்கெனவே முளைத்துவிட்டதே, நாள் கடந்துவிட்டதோ என்று திகைக்கிறார். 'களை முளைக்கும் முன் இடுவது' என்று எழுதினால் இரண்டு சொல் கூடும். பெரும்பாலும் சொல் கணக்கில்தான் கூலி வாங்குகிறார்கள், அவர்களுக்கும் அதில் நட்டமில்லை.