குலையைத் தொட்டால் ஒரு பலகை, பாலைத் தொட்டால் வேறு பலகை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலையும் ரப்பரும் வாங்கும் கடையில் கணக்குப் பார்க்கும் தங்கை ஒருவர் கேட்டார்: "அண்ணே, கணினியில செம்பனைனு தட்டினா லாரி எடை, பழுக்காத குலைக்குக் கழிவுனு கட்டம் வருது. ரப்பர் பாலைத் தட்டினா அதெல்லாம் போயி டிஆர்சி கேக்குது. அதுக்கு எப்படித் தெரியுது?"

டிஆர்சி என்பது பாலில் உள்ள உலர்ந்த ரப்பரின் பங்கு. வெட்டி இறக்கிய பாலில் சாதாரணமாக நூற்றுக்கு 30 முதல் 40 வரை ரப்பர். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். குலைக்கு அந்தக் கட்டம் எதற்கு?

தட்டியதும் 'தேர்வு மாறிவிட்டது' என்று நிரலுக்குச் செய்தி போகும். கட்டங்கள் அடங்கிய பழைய பலகை திரையிலிருந்து மறையும், புதியது வரும். இது சாதாரண வேலை. எந்தப் பலகை வர வேண்டும் என்று முடிவாகும் இடம்தான் எனக்குப் பிடித்தது.

செம்பனையா, ரப்பரா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகும்படியும் எழுதலாம். நாளைக்குக் கொக்கோ வந்தால் அந்த வரிசையைத் தேடித் திருத்த வேண்டும். இந்த நிரலை எழுதிய தம்பி அப்படிச் செய்யவில்லை, பொருளிடமே விட்டுவிட்டார். நினைவகத்தில் ஒவ்வொரு பொருளும் தன் இனத்தின் அட்டவணை எங்கே இருக்கிறது என்ற முகவரியைச் சுமந்துகொண்டிருக்கும். திரை கேட்பது ஒன்றே ஒன்று: 'உன் பலகையைக் காட்டு.' முகவரியைப் பிடித்து அட்டவணைக்குப் போனால், எந்த நிரல்துண்டை ஓட்ட வேண்டும் என்று அங்கே இருக்கும். தட்டியது குலையா பாலா என்று திரைக்குக் கடைசிவரை தெரியாது. தெரியவும் வேண்டாம்!

சரி, கோப்பையிலேயே உறைந்துபோன ரப்பர் பாலான கட்டிப்பாலுக்குத் தனிப் பலகை எழுதவில்லை என்றால்? தாய் இனமான ரப்பரின் பலகை வந்து நிற்கும், டிஆர்சி கட்டத்தோடு. தாயிடமும் இல்லையென்றால் பாட்டி இனமான 'விளைபொருள்' கைகொடுக்கும்: எடை, விலை, அவ்வளவுதான்.

இந்த ஏற்பாடு நார்வேயில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67 என்ற நிரல்மொழியிலேயே வந்துவிட்டது. அவர்கள் நினைத்தது கணினிக்குள் நிஜ உலகத்தைப் போலச் செய்து பார்க்க. கடைத் திரைக்காக அல்ல. கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 2001-ஆம் ஆண்டுக்கு இருவருக்கும் கிடைத்தது. ஆய்வுக்குப் பணம் கேட்டவுடனே 'இதனால் என்ன லாபம்?' என்று மடக்குபவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

மறுநாள் தங்கை குலையையும் பாலையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்துப் பார்த்திருக்கிறார். திரையில் எடையும் விலையும் மட்டும்தான் மிஞ்சினவாம்.