வாளையாறு தாண்டினா காலேஜ் வாத்தியாருக்கு ரிட்டயர்மெண்ட் வயசு ஏன் மாறுது?

வாளையாறுதான் கேரளா-தமிழ்நாடு பார்டர், அதுக்கு இந்தப் பக்கம் கேரளாவோட பாலக்காடுல காலேஜ் வாத்தியார் இருக்குற வீட்ல இந்தப் பேச்சு வராம இருக்காதுங்க. யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சம்பள ஸ்கேல் எல்லாருக்கும் ஒண்ணுதானே, அப்புறம் பாலக்காடு ஜில்லா சித்தூர் கவர்மெண்ட் காலேஜ்ல இருக்குறவர் 56ல வீட்டுக்குப் போறாரு, கோயமுத்தூர்ல இருக்குறவர் 60 வரைக்கும் இருக்காரு, இங்கயே கஞ்சிக்கோடு பக்கம் ஐஐடில இருக்குறவருக்கு 65, இது என்ன கணக்குன்னு.

கணக்கு ஒண்ணுதான், யாரு காசு குடுக்குறாங்களோ அவங்க ரூல். ஐஐடி, காசர்கோடு சென்ட்ரல் யூனிவர்சிட்டி எல்லாம் சென்டர் (மத்திய அரசு) பணம், அந்த மாதிரி எடங்களுக்கு 2007லயே 65 ஆக்கிட்டாங்க. 2008 கடைசில ஆறாவது சம்பளக் கமிஷன் ஸ்கேல் வந்தப்போ, 65ஐயும் சேத்து மொத்தமா ஏத்துக்கிட்டா 2010 மார்ச் வரைக்கும் ஆகுற கூடுதல் செலவுல 80 சதவீதம் நாங்க தர்றோம்னு சென்டர் ஸ்டேட்டுங்ககிட்ட சொல்லுச்சு. நிறைய ஸ்டேட் சம்பளத்த எடுத்துக்கிட்டு வயச மட்டும் விட்டுடுச்சு. வாத்தியாருங்க கோர்ட்டுக்குப் போனாங்க, 2013ல சுப்ரீம் கோர்ட் ஸ்டேட்ட கட்டாயப்படுத்த முடியாதுன்னு சொல்லிடுச்சு. அதனால யூஜிசி ரெகுலேஷன காட்டி இங்க 65 கேக்குறதுல பிரயோஜனம் இல்ல.

கேரளாலயே ரெண்டு மூணு விதம் இருக்கு. காலிகட் யூனிவர்சிட்டி டிபார்ட்மெண்ட்ல வேலைன்னா 60, அதே யூனிவர்சிட்டிக்குக் கீழ இருக்குற கவர்மெண்ட், எய்டட் (அரசு உதவி பெறுற தனியார்) காலேஜ்ல பழைய பென்ஷன் திட்டத்துல இருக்குறவருக்கு 56. ஒரே பேப்பர் திருத்துறவங்க, ஒரே பரீட்சை போர்டுல உக்கார்றவங்க, ஆனா நாலு வருஷம் வித்தியாசம், எனக்கு இது சுத்தமா நியாயமாப் படல. 2013 ஏப்ரல் 1லேர்ந்து சேந்தவங்க பங்களிப்பு பென்ஷன்ல வர்றதால அவங்களுக்கு 60, அதாவது ஒரே ஸ்டாஃப் ரூம்ல சீனியர் 56லயும் ஜூனியர் 60லயும் போவாங்க. ஏன் எல்லாருக்கும் ஏத்தக் கூடாதுன்னு கேட்டா, 2022ல பொதுத்துறை நிறுவனங்களுக்கு 60ன்னு ஒரு ஆர்டர் போட்டாங்க, இளைஞர் சங்கங்க போட்ட சத்தத்துல சில நாள்லயே நிறுத்தி வெச்சுட்டாங்க, வேலை தேடுற பசங்க கோவமும் சும்மா இல்லீங்க.

ஒரு சின்ன ஆறுதல், கேரளால கல்வியாண்டு நடுவுல வயசு முடிஞ்சா அப்பவே அனுப்ப மாட்டாங்க, அந்த ஆண்டு முடியற மாசக் கடைசி வரைக்கும் கிளாஸ் எடுக்கலாம். தமிழ்நாட்டுல இதையே மறுநியமனம்னு சொல்லி மே 31 வரைக்கும் குடுப்பாங்க. அங்க அரசு ஊழியருக்கு ரிட்டயர்மெண்ட் வயசு 2020ல 58லேர்ந்து 59, 2021ல 60 ஆச்சு. ஆந்திரா பார்டர்ல அரசு வேலைல இருக்குற நம்மாளுங்களுக்கு 2022லேர்ந்து 62.

பர்மனென்ட் ஆகுறது தனி விஷயம். அமெரிக்கால மாதிரி வருஷக்கணக்கா ஆராய்ச்சி காட்டி வேலைய உறுதி பண்ணிக்கிற முறை இங்க கிடையாது. யூஜிசி 2018 ரெகுலேஷன்படி புரொபேஷன் (தகுதிகாண் காலம்) ஒரு வருஷம், திருப்தி இல்லன்னா இன்னொரு வருஷம் வரைக்கும் நீட்டலாம், அதுக்கு மேல இல்ல. முடிஞ்சு 45 நாளுக்குள்ள கன்ஃபர்மேஷன் ஆர்டர் தரணும். புரொபேஷன் முடிஞ்ச தேதிய சர்வீஸ் புக்ல பதிஞ்சிருக்காங்களான்னு அப்பவே பாத்துக்கங்க, ரிட்டயர் ஆகுற வருஷம் பென்ஷன் ஃபைல் போடுறப்போ தேடுனா ஆபீஸ்ல அப்ப இருந்த கிளார்க்கும் இருக்க மாட்டாரு, ஃபைலும் இருக்காது. பொறந்த தேதியும் அப்படித்தான், தமிழ்நாட்டுல வேலைல சேந்து 5 வருஷத்துக்குள்ள திருத்த மனு குடுக்கணும்.

கெஸ்ட் லெக்சரரா இருக்குறவங்களுக்கு இந்த புரொபேஷன், கன்ஃபர்மேஷன் எதுவும் வராது. 2019ல யூஜிசி சொன்னது கிளாஸுக்கு 1,500 ரூபா, மாசம் அதிகபட்சம் 50,000, அதுவும் எல்லா எடத்துலயும் அப்படியே கைக்கு வர்றதில்ல.