டம்ப்ஸ்டரில் இடம் இருக்கும், எடை இருக்காது

போன சனிக்கிழமை காலை நியூ ஜெர்சியில் ஒரு வீட்டு வாசலில் நின்றிருந்தேன். கூரை மாற்றும் வேலைக்காக வாடகைக்கு எடுத்த 30 யார்டு டம்ப்ஸ்டர், அதாவது பிரித்த கழிவைப் போட்டு லாரியில் ஏற்றிப் போகும் பெரிய இரும்புப் பெட்டி. தூக்க வந்த லாரிக்காரர் இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு, "பாதியை இறக்கி வையுங்கள், அப்புறம் கூப்பிடுங்கள்" என்று சொல்லிப் போய்விட்டார். வீட்டுக்காரத் தம்பியும் அவர் மனைவியும், அவர்களோடு ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அவருடைய அப்பாவும் பெட்டிக்குள் இறங்கி, ஷிங்கிள் என்கிற கூரை வில்லைகளைக் கையால் வாரி வெளியே போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு 68 வயது. காலில் ரப்பர் செருப்பு. நான் போய்ச் சேர்வதற்குள் கூரை ஆணி ஒன்று செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறிவிட்டது.

கூரைகளை அளந்து மதிப்பீடு எழுதித் தருவது என் வேலை. இந்த வருஷம் இதே கதையோடு நான் பார்த்த நான்காவது வீடு இது, அதனால் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

நாலு வீட்டிலும் கேட்டது ஒரே பதில். "எதுக்கு வம்பு அண்ணே, பெரிசாவே எடுத்துட்டேன்."

10, 20, 30 என்று சொல்கிறார்களே, அது பெட்டி கொள்ளும் கன யார்டு. இடத்தின் அளவு, அவ்வளவுதான். எடையைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது. ஒரே சாக்கில் பஞ்சையும் கட்டலாம், உப்பையும் கட்டலாம், தூக்கும்போதுதான் தெரியும் எது என்று. பழைய சோபா, மெத்தை, அட்டைப்பெட்டி போடுகிறவர் பஞ்சு மூட்டைக்காரர். கூரையைப் பிரித்துப் போடுகிறவர் உப்பு மூட்டைக்காரர், ஏனென்றால் ஷிங்கிள் என்பது தாரும் கல்பொடியும் சேர்ந்த சமாச்சாரம். பெட்டி நிரம்புவதற்கு வெகு முன்னாலேயே எடை வரம்பைத் தாண்டிவிடுவீர்கள்.

தம்பியின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். கூரை வேலையில் 100 சதுர அடியை ஒரு ஸ்கொயர் என்போம். பழைய மெல்லிய வகை ஷிங்கிள் ஸ்கொயருக்குச் சுமார் 230 பவுண்டு வரும், இப்போது போடுகிற கனமான வகை 250-லிருந்து 400 வரைகூடப் போகும். அவர் கூரை 26 ஸ்கொயர், மெல்லிய வகை என்று வைத்துக்கொண்டாலே ஓர் அடுக்குக்கு 5,980 பவுண்டு. ஆனால் அவர் கூரையில் இருந்தது இரண்டு அடுக்கு, முன்பிருந்த வீட்டுக்காரர் பழசைப் பிரிக்காமலே மேலே புதுசை அடித்திருக்கிறார். ஆக 11,960 பவுண்டு, கிட்டத்தட்ட 6 டன். அவர் வாடகை ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தது 4 டன். அதுவும் இங்கே டன் என்றால் 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ. நம் ஊர் ஆயிரம் கிலோ டன்னை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள்.

இதோடு நின்றிருந்தால்கூடக் கூடுதல் டன்னுக்குப் பணம் கட்டுவதோடு போயிருக்கும். பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு காலியாகத் தெரிந்திருக்கிறது. காசு கொடுத்த இடம் வீணாகப் போகிறதே என்று பின்பக்கத்து முற்றத்தில் உடைத்த கான்கிரீட்டையும் தோண்டிய மண்ணையும் அதில் போட்டிருக்கிறார். மூடாமல் விட்டதில் இரண்டு நாள் மழையையும் பழைய பலகையும் ஷிங்கிளுக்கு அடியில் விரிக்கிற ஃபெல்ட் தாளும் குடித்துவிட்டன. லாரி எப்படித் தூக்கும்? தூக்கினாலும் சாலையில் எடைச் சட்டம் இருக்கிறது, அந்த ஓட்டுநர் தன் உரிமத்தைப் பணயம் வைக்க மாட்டார். அவரைத் திட்டிப் பயனில்லை.

(வீடு 2,400 சதுர அடி, அதனால் கூரை 24 ஸ்கொயர் என்று தம்பி போட்ட கணக்கும் தப்பு. மாடி வீட்டில் இரண்டு தளத்துக்கும் சேர்த்து ஒரே கூரைதானே? கீழ்த்தளம், கராஜ், வெளியே நீளும் ஓரம் எல்லாம் எடுத்து, சரிவையும் சேர்க்க வேண்டும். 12 அங்குலத்துக்கு 6 அங்குலம் ஏறும் சாதாரணச் சரிவே பரப்பைச் சுமார் 12 சதவீதம் கூட்டிவிடும்.)

தயவுசெய்து முதலில் காண்ட்ராக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பழசைப் பிரித்து அள்ளிப் போவது உங்கள் விலையில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்கும், நீங்கள் பெட்டியே எடுக்க வேண்டாம். இல்லையென்றால், வாடகைக்கு விடுகிறவரிடம் ஷிங்கிள் போடப்போகிறேன், இத்தனை ஸ்கொயர், இத்தனை அடுக்கு என்று மறைக்காமல் சொல்லுங்கள். எத்தனை டன் சேர்த்தி, மேற்கொண்டு ஒரு டன்னுக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். அடுக்கை எண்ணக் கூரையின் பக்கவாட்டு ஓரத்தைப் பார்த்தால் போதும். இரண்டு அடுக்கு என்றால் நடுவில் ஒரு தடவை பெட்டியை மாற்றிக்கொள்வதுதான் நல்லது.

பெட்டி விளிம்புக்கு மேல் எதுவும் நீட்டக் கூடாது. ராத்திரியில் தார்ப்பாய் போட்டு மூடுங்கள், மழைக்கும் ஆச்சு, பக்கத்து வீட்டார் மெத்தையைக் கொண்டுவந்து போடாமல் இருக்கவும் ஆச்சு. பெயின்ட், பேட்டரி, டயர், கேஸ் சிலிண்டர் வேண்டவே வேண்டாம். தார் போட்ட டிரைவ்வே (வீட்டு வாசல் கார்ப்பாதை) கோடை வெயிலில் இளகும், பெட்டியின் உருளைகளுக்கு அடியில் கனமான பலகை வைக்கச் சொல்லுங்கள். மேலே மின்கம்பியோ மரக்கிளையோ இருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள், லாரி தூக்கும்போது அதன் பின்தளம் நிமிர்ந்து நிற்கும். தெருவில் வைப்பதாக இருந்தால் டவுன் அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். ரொம்பப் பழைய வீட்டில் சிமென்ட் மாதிரி கெட்டியான தகடு கூரையிலோ சுவரிலோ இருந்தால் உடைக்காதீர்கள், ஆஸ்பெஸ்டாஸா என்று சோதித்த பிறகு தொடுங்கள்.

பெட்டிக்குள் யாரும் இறங்க வேண்டாம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா சும்மா உட்கார மாட்டார்கள், "நானும் ஒரு கை கொடுக்கிறேன்" என்று வந்து நிற்பார்கள். நீங்கள்தான் தடுக்க வேண்டும். அந்த அப்பாவுக்கு டெட்டனஸ் ஊசி போட்டுக் கட்டும் கட்டியாயிற்று, மூன்று வாரம் நடக்கக் கூடாது என்றிருக்கிறார்கள். தினமும் காலையில் வெறுங்காலோடு புல்வெளியில் நடக்கிறவராம். தம்பி, பெட்டி போன பிறகு ஆணி பொறுக்கும் காந்த உருளையை எடுத்துப் புல்வெளி முழுக்க ஒரு தடவை நீளவாக்கில், ஒரு தடவை குறுக்குவாக்கில் ஓட்டிவிடுங்கள். அவர் மறுபடி நடக்கத் தொடங்குவதற்கு முந்தின நாள் இன்னொரு தடவையும்.