"ஏற்கெனவே பறந்ததுதானே" என்று இனியும் சொல்லாதீர்கள்

சென்ற வார மதிப்பாய்வுக் கூட்டத்திலும் அதே வரி. திரையில் ஒரு பட்டியல். செயற்கைக்கோளின் திசையைத் திருப்பும் சுழல்சக்கரத்துக்கு எதிரே 'தொழில்நுட்ப முதிர்ச்சி நிலை 9' (உண்மையான பயணத்தில் வேலை செய்து காட்டியது என்ற உச்ச நிலை) என்று பச்சை நிறத்தில் போட்டிருந்தார்கள். எப்படி என்று கேட்டேன். "வேறொரு செயற்கைக்கோளில் ஏற்கெனவே பறந்திருக்கிறது, சார்" என்றார் திட்ட மேலாளர். அடுத்த பக்கத்தில் அந்தச் சக்கரத்தின் அதிர்வுச் சோதனையும் வெப்ப வெற்றிடச் சோதனையும் நீக்கப்பட்டு, மிச்சமான வாரங்கள் மென்பொருள் குழுவுக்குத் தாரைவார்க்கப்பட்டிருந்தன. முன்பு அது பறந்தது பூமிக்கு அருகிலுள்ள தாழ்புவிப் பாதையில். இவர்கள் போகப்போவது அதைவிடப் பல மடங்கு உயரமான புவிநிலைப் பாதைக்கு.

நாசாவில் உருவான முதிர்ச்சி அளவுகோலில் 9 படிகள் உண்டு. அவை இத்துறையில் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் விட்டுவிடுகிறேன். மனத்தில் ஏறாதது ஒன்றுதான்: அந்த எண் பொருளுக்கு உரியது அல்ல. இந்தப் பொருள், இந்த வேலையை, இந்தச் சூழலில் செய்யும் என்பதற்கே அது உரியது. மூன்றில் எது மாறினாலும் பழைய எண் செல்லாது. பறந்து வந்த சாதனமே ஆனாலும், அமைப்பும் சூழலும் மாறினால் நிலை 5-க்கு இறக்கிவிட்டு மறுபடி மதிப்பிடச் சொல்வது நாசாவின் கையேடு. என் சொந்தச் சரக்கு அல்ல.

அதே சக்கரத்தைப் பாருங்கள். தாழ்புவிப் பாதையில் அதில் சேரும் உந்தத்தை, அதாவது மிகுதியான சுழற்சியை, பூமியின் காந்தப்புலத்தைப் பிடித்துத் தள்ளும் காந்தச் சுருள்கள் இறக்கிவிடும். புவிநிலை உயரத்தில் பூமியின் காந்தப்புலம் அதற்குப் போதாது. பெரும்பாலும் உந்துபொறிகளை எரித்துத்தான் இறக்க வேண்டும். ஆக எரிபொருள் கணக்கு மாறுகிறது, சக்கரம் ஓடும் வேகங்கள் மாறுகின்றன, தாங்கியின் மசகுக்கு வரும் சோதனை மாறுகிறது, கதிர்வீச்சும் மாறுகிறது. எதுதான் 'ஏற்கெனவே பறந்தது'? பெயர்ப்பலகை மட்டும்தான்.

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பி ஒரு நிமிடம்கூட முடிவதற்குள் சிதறியது. அதற்கு முந்தைய ஏரியன் 4-இல் சொன்னபடி கேட்ட வழிகாட்டி மென்பொருளை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். 64 பிட் எண் ஒன்று 16 பிட்டுக்குள் அடங்காமல் வழிந்தது. கிளம்பிய பிறகு அந்த ராக்கெட்டுக்குத் தேவையே இல்லாத ஒரு கணிப்பு அது என்பதுதான் கொடுமை. அந்த வழிதலில் வழிகாட்டிக் கருவியே நின்றுபோனது. மாற்றுக் கருவி இருந்ததே என்பீர்கள். அதிலும் அதே மென்பொருள். முதலில் விழுந்ததே அந்த மாற்றுக் கருவிதான். (இரட்டைக் கருவி வைத்தால் பாதுகாப்பு என்று எழுதிக்கொண்டு வருகிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.)

நாசாவின் ஜெனிசிஸ் விண்கலம் இதைவிட எளிய கதை. சூரியக் காற்றின் துகள்களைச் சேகரித்துக்கொண்டு 2004 செப்டம்பர் 8 அன்று பூமிக்குத் திரும்பிய அதன் பெட்டகம், பாராசூட் விரியாமலே யூட்டா பாலைவனத்தில் மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் மோதியது. வேகம் குறைவதை உணர்ந்து பாராசூட்டுக்குக் கட்டளை தர வேண்டிய சிறு சுவிட்சுகள் வரைபடத்திலேயே தலைகீழாக இருந்தன. வரைந்தபடியே கச்சிதமாகப் பொருத்தியும் விட்டார்கள். சுழற்றிப் பார்க்கும் சோதனை ஒன்றை நடத்தியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஸ்டார்டஸ்ட் விண்கலத்திலிருந்து வந்த வடிவமைப்புதானே என்று சோதனையை விலக்கி, வரைபடத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மேலாளர்களின் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. ஏவுதல் தேதி அசையாது, நிதி ஏறாது, அதிர்வு மேசைக்கு வரிசை நிற்கிறது. 'பறந்தது' என்ற ஒற்றைச் சொல் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் தீர்த்துவிடுவதுபோல் தோன்றும். உண்மையில் அது செலவை மூன்றாம் மாதத்திலிருந்து முப்பதாம் மாதத்துக்குத் தள்ளிவிடுகிறது. ஆய்வகத்தில் திருகைக் கழற்றிப் பார்ப்பதும், முழுதாகக் கோத்த விண்கலத்தைப் பிரிப்பதும் ஒன்றா?

ஆகவே, அடுத்த கூட்டத்துக்கு வருமுன் சிலவற்றைச் செய்துவிட்டு வாருங்கள். பழைய பயணத்தின் சுற்றுப்பாதை, ஆயுள், வெப்ப எல்லை, அதிர்வு அளவு, கதிர்வீச்சு அளவு ஆகியவற்றை உங்கள் பயணத்தின் அளவுகளுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் உங்களிடம் இருப்பது விளம்பரத் தாள். தயாரிப்பாளரிடம் தொகுதி எண்ணைக் கேளுங்கள். பாக எண் மாறாமலே உள்ளே முலாம் மாறியிருக்கும், பற்றவைப்பு மாறியிருக்கும். தூய வெள்ளீய முலாம் என்றால் என்னிடம் வரவே வேண்டாம். அதில் தானாக முளைக்கும் மயிரிழை போன்ற உலோக இழை எங்கே போய் மின் குறுக்கிணைப்பு உண்டாக்கும் என்று சொல்ல முடியாது. முதனிலை வடிவமைப்பு மதிப்பாய்வுக்கு வரும்போது நிலை 6-ஐ (பயணச் சூழலை ஒத்த நிலையில் மாதிரி வேலை செய்து காட்டியது) எட்டாத தொழில்நுட்பம் இருந்தால் மறைக்காதீர்கள். மாற்று வழியையும் அதற்குத் தாவ வேண்டிய கடைசித் தேதியையும் சேர்த்துக் காட்டுங்கள்.

இளம் பொறியாளர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். கூட்டத்தில் மூத்தவர் "பறந்ததுதானே" என்றால், "எங்கே பறந்தது, எவ்வளவு நாள் பறந்தது?" என்று கேட்டுவிடுங்கள். கேட்டதற்காக யாரும் உங்களைத் தின்றுவிட மாட்டார்கள்.

ஒரு சோதனையை விலக்கியே ஆக வேண்டும் என்ற நிலை வரும். வராத திட்டம் இல்லை. அப்போது எந்தச் சோதனை, ஏன் விலக்கப்பட்டது, தவறினால் எது போகும் என்று ஒரு பக்கம் எழுதி, முடிவெடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து கேட்டவுடன் அதிர்வு மேசையில் எப்படியோ இரண்டு நாள் கிடைத்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.