பயோமார்க்கர்: சுட்டியா, குறிப்பானா?

பிறந்ததும் குழந்தை அழவில்லை. ஆக்சிஜனும் இரத்த ஓட்டமும் குறைந்து மூளை பாதிக்கப்பட்டிருக்குமோ என்று மருத்துவருக்குச் சந்தேகம். உடலைக் குளிர்விக்கும் சிகிச்சை தேவையென்றால் 6 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், 33.5 டிகிரி செல்சியஸ் அளவில் 72 மணி நேரம் நீளும் சிகிச்சை அது. எம்ஆர்ஐ படத்தில் பாதிப்பு தெளிவாகத் தெரியச் சில நாட்களாகும். அதற்கு முன்பே சில சொட்டு இரத்தம் ஏதாவது காட்டிக்கொடுக்குமா என்ற தேடலில்தான், உடலின் நிலையை அளந்து காட்டும் பொருளைக் குறிக்கும் பயோமார்க்கர் என்ற சொல் இங்கே அடிபடுகிறது.

'பயோ' என்பது உயிரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'மார்க்' பழைய ஜெர்மானியச் சொல். அதன் முதற்பொருள் எல்லை. எல்லையைக் காட்ட நட்ட அடையாளத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டு, பிறகு எல்லா அடையாளத்துக்கும் பொதுவாகிவிட்டது.

மூளையின் உயிரணு சிதைந்தால் உள்ளிருக்கும் புரதம் இரத்தத்தில் கசியும். ஜிஎஃப்ஏபி என்ற புரதம் நரம்பணுவைத் தாங்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற உயிரணுவிலிருந்து வருவது. யுசிஎச்-எல்1 என்ற புரதம் நரம்பணுவிலிருந்தே வருவது. எஸ்100பி என்ற புரதத்தின் பெயருக்கும் மூளைக்கும் சம்பந்தமே இல்லை: 100 சதவீதம் செறிவுற்ற அம்மோனியம் சல்ஃபேட் கரைசலிலும் கரைந்து நின்றதால் எஸ்100 ('எஸ்' என்பது கரையக்கூடியது எனப் பொருள்படும் 'சால்யுபிள்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து)! அது கொழுப்பணுவிலும் உண்டு. என்எஸ்இ என்ற நொதியோ சிவப்பணுவிலும் இருக்கிறது. குதிகாலை அழுத்திப் பிழிந்து இரத்தம் எடுத்தால் சிவப்பணு உடைந்து அளவு பொய்யாக ஏறும். அதனால்தான் குழந்தையின் தசைத் தொய்வு, வலிப்பு, தொப்புள்கொடி இரத்தத்தின் அமிலத்தன்மை, மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'அறிகுறி' பொருந்தாது. வலிப்பு அறிகுறி, கண்ணால் பார்ப்பது. பயோமார்க்கர் அளந்து சொல்வது. 'உயிர்ச்சுட்டி' கச்சிதமான சொல்தான். ஆனால் சுட்டி என்றால் கணினி மவுஸும் நெற்றி நகையும் குறும்புக்காரப் பிள்ளையும் நினைவுக்கு வருவார்கள். பச்சிளங்குழந்தை வார்டில் 'சுட்டி கூடிவிட்டது' என்றால் பெற்றோர் குழம்பிப்போவார்கள். 'உயிரிக்குறியீடு' என்றும் எழுதுகிறார்கள். குறியீடு என்பது நாமாக வைத்துக்கொள்ளும் அடையாளம், உடல் தானாகக் கசியவிடும் புரதத்துக்கு அது சேராது.

என் ஓட்டு 'உயிர்க்குறிப்பான்' என்ற சொல்லுக்கு. இரத்தத்தில் அளப்பதை மட்டும் சொல்ல வேண்டுமானால் 'குருதிக் குறிப்பான்' போதும்.